பெயர் தடுப்பான், வேலை கிடை கட்டுவது: புரோஹிபிட்டின் என்ற புரதம்

புரதங்களுக்குப் பெயர் வைப்பதில் விஞ்ஞானிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதன்முதலில் எந்த வேலையில் கையும் களவுமாகப் பிடிக்கிறார்களோ, அதையே பெயராக வைத்துவிடுவார்கள். பிறகு அது வேறு வேலைக்காரன் என்று தெரியவந்தாலும் பெயர் மாறாது. பள்ளிக்கூடத்தில் ஒல்லியாக இருந்ததால் ‘குச்சி’ என்று பட்டப்பெயர் வாங்கியவர், ஐம்பது வயதில் தொப்பையோடு நடந்தாலும் ஊருக்குக் குச்சிதான். புரோஹிபிட்டின் கதையும் அப்படித்தான்.

தடை செய்வதைக் குறிக்கும் ‘புரோஹிபிட்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு, புரதப் பெயர்களில் வழக்கமாக வரும் ‘இன்’ என்ற ஒட்டைச் சேர்த்தார்கள். தமிழில் ‘தடுப்பான்’ என்று வைத்துக்கொள்ளலாம். எதைத் தடுக்கிறது? செல் இரண்டாகப் பிரிவதை. 1989இல் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கீத் மெக்ளங்கும் அவருடன் வேலை பார்த்தவர்களும் எலியின் கல்லீரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கல்லீரலுக்கு ஓர் அபூர்வ குணம்: மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மிச்சம் இருப்பது வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும். வந்ததும் நின்றும்விடும். அப்படியானால், சும்மா இருக்கும் கல்லீரலில் ‘வளராதே, இரு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் மரபணு ஏதாவது இருக்க வேண்டுமே? ஓய்வில் இருக்கும் கல்லீரலையும் வளர்ந்துகொண்டிருக்கும் கல்லீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிக்கிய தூது ஆர்என்ஏக்களில் (மரபணுவில் உள்ள குறிப்பின் நகல்கள் இவை) ஒன்றைச் செல்லுக்குள் நுண்ணிய ஊசியால் செலுத்தியபோது, அந்தச் செல் தன் டிஎன்ஏவை நகலெடுப்பதை நிறுத்தியது. டிஎன்ஏ நகலாகாமல் செல் பிரிய முடியாது. சரி, தடுப்பான் அகப்பட்டது, பெயரும் வைத்தாயிற்று.

செல் பிரிவதைத் தடுக்கும் புரதம் என்றால் புற்றுநோய்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே சமயத்தில், 1990இல், மேரி கிளேர் கிங் என்ற மரபியலாளர் குடும்பங்களில் வழிவழியாக வரும் மார்பகப் புற்றுக்குக் காரணமான மரபணு 17ஆவது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் இருப்பதாகக் காட்டினார். மனிதனின் புரோஹிபிட்டின் மரபணுவைத் தேடிப் போனால், அதுவும் அதே தெருவில் இருந்தது! சந்தேகம் உடனே அதன் மேல் விழுந்தது. சில மார்பகப் புற்றுக் கட்டிகளில் அந்த மரபணுவில் மாற்றங்கள் இருப்பதாக 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் 1994இல் உண்மையான ஆள் பிடிபட்டது. இன்று பலரும் கேள்விப்பட்டிருக்கும் பிஆர்சிஏ-1 மரபணு அது. புரோஹிபிட்டின் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

அதற்கடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். தூது ஆர்என்ஏ என்பது மரபணுவில் உள்ள குறிப்பின் கைநகல். அதைப் படித்துத்தான் செல் புரதத்தைச் செய்கிறது. அந்த நகலின் கடைசியில் புரதமாக மாறாத ஒரு வால்பகுதி இருக்கும். செல் பிரிவதை நிறுத்தியது அந்த வால்தான், புரதம் இல்லை என்று 1996இல் தெரியவந்தது. அதாவது, எந்த வேலைக்காகத் ‘தடுப்பான்’ என்று பெயர் வந்ததோ, அந்த வேலையை அன்றைக்குச் செய்தது அந்தப் புரதமே அல்ல. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்படியானால் இந்தப் புரதம் உண்மையில் என்னதான் செய்கிறது?

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு கிடை

அது எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். செல்லுக்குள் இருக்கும் புரோஹிபிட்டினில் பெரும்பகுதி இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். பள்ளிப் பாடத்தில் இழைமணி என்று படித்திருப்பீர்கள், ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதியும் இருப்பீர்கள். ஒரு கல்லீரல் செல்லில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். அதற்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு வழவழப்பான உறை. உள்சவ்வு மிக நீளமானது. சின்னப் பெட்டிக்குள் எட்டு முழ வேட்டியைத் திணித்ததுபோல் மடிப்பு மடிப்பாக உள்ளே கிடக்கும். நாம் சாப்பிட்டதையும் மூச்சில் இழுத்த ஆக்சிஜனையும் சேர்த்து ஏடிபி என்ற ஆற்றல் நாணயமாக மாற்றும் இயந்திரங்கள் எல்லாம் இந்த மடிப்புகளில்தான் பதிந்திருக்கின்றன. புரோஹிபிட்டின் இருப்பதும் இதே உள்சவ்வில்.

அது தனியாளும் இல்லை. புரோஹிபிட்டின்-1, புரோஹிபிட்டின்-2 என்று இரண்டு பேர். முதலாமவரில் 272 அமினோ அமிலங்கள், இரண்டாமவரில் 299. இவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் இருக்க மாட்டார்கள். ஒரு செல்லில் ஒன்றின் மரபணுவை அணைத்துவிட்டால், மற்றதன் மரபணு நன்றாக இருந்தாலும் அந்தப் புரதமும் நிலைக்காமல் சிதைந்து போய்விடும். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மல்லிகையும் கனகாம்பரமும் மாற்றி மாற்றித் தொடுத்த சரம்போல் இவை வரிசையாகச் சேர்ந்து, கடைசியில் முனைகள் இணைந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. வளையத்தின் குறுக்களவு ஏறக்குறைய 20 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இப்படி நாலாயிரம் வளையங்களை அடுக்கலாம்.

வளையம் எதற்கு? ஆட்டுக்கிடை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைக்க, முடைந்த படல்களை ஒன்றோடொன்று சேர்த்து வட்டமாக நிறுத்துவார்கள். திறந்தவெளியில் திடீரென்று ஒரு ‘உள்ளே’யும் ஒரு ‘வெளியே’யும் உண்டாகிவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வும் ஒரு திறந்தவெளிதான். கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அந்த எண்ணெய்ப் படலத்தில் நூற்றுக்கணக்கான வகைப் புரதங்கள் மிதந்து அலைகின்றன. அதில் சிலவற்றைச் சேர்த்து வைக்கவும், சிலவற்றை அண்டவிடாமல் வைக்கவும் ஒரு வேலி வேண்டும். புரோஹிபிட்டின் வளையம் அந்தப் படல் வேலி. நான் படித்தவரையில், இந்தப் புரதத்தைப் பற்றி வந்திருக்கும் நூறு விதமான செய்திகளையும் கோர்க்க இந்த ஒரு படம் போதும்.

இந்தக் கிடை கட்டும் தொழில் மிகப் பழையது. பாக்டீரியாவிலேயே இதன் தூரத்துச் சொந்தங்கள் இருக்கின்றன. அவையும் சவ்வில் வளையம் போட்டு, புரதங்களை வெட்டும் ஒரு நொதியைச் சுற்றி நிற்கின்றன. ஈஸ்ட், செடிகள், புழு, ஈ, மனிதன் எல்லோரிடமும் புரோஹிபிட்டின் உண்டு. எலிக்கும் நமக்கும் இடையில் புரோஹிபிட்டின்-1இல் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். இத்தனை கோடி ஆண்டுகளில் இயற்கை இதில் கை வைக்கவே துணியவில்லை என்றால், எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

வேலிக்குள் நடப்பது

முதல் வேலை, புதுப் புரதங்களைப் பார்த்துக்கொள்வது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு. அதிலிருந்து வரும் புரதங்களும், உட்கருவின் டிஎன்ஏவிலிருந்து வரும் புரதங்களும் உள்சவ்வில் சந்தித்து ஒன்றாகப் பூட்டப்பட்டால்தான் ஆற்றல் இயந்திரம் உருவாகும். ஒரு பக்கத்துச் சரக்கு வந்து, மறுபக்கத்துச் சரக்கு தாமதமானால்? வந்தது அநாதையாக நிற்கும், குப்பை என்று வெட்டப்படும். புரோஹிபிட்டின் அதைப் பிடித்து வைத்துக் காப்பாற்றுகிறது என்று 2000இல் ஈஸ்ட்டில் செய்த ஆய்வு காட்டியது. அதே நேரம் உள்சவ்வில் பழுதான புரதங்களை வெட்டித் தள்ளும் நொதி ஒன்றையும் இந்த வளையம் கட்டுக்குள் வைத்திருக்கிறது. கிடையில் கடாவையும் நாயையும் ஒரே ஆள் கவனிப்பதுபோல.

இரண்டாவது, கொழுப்புகளை இடம் மாறாமல் வைப்பது. உள்சவ்வுக்கே உரிய கார்டியோலிப்பின் என்றொரு கொழுப்பு இருக்கிறது. மாட்டு இதயத்திலிருந்து முதலில் எடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். இது சரியான அளவில், சரியான வடிவில் இல்லாவிட்டால் ஆற்றல் இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காது. கனடாவில் வாழும் ஹட்டரைட் என்ற சிறு மதச் சமூகத்தில், குழந்தைகளுக்கு இதயத் தசை பலவீனமும் நடையில் தள்ளாட்டமும் சேர்ந்து வரும் ஒரு பரம்பரை நோய் உண்டு. டிஎன்ஏஜேசி-19 என்ற மரபணுவில் உள்ள கோளாறுதான் காரணம். அந்த மரபணு செய்யும் புரதம் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று 2014இல் தேடிப் பார்த்தபோது, அது புரோஹிபிட்டின் வளையத்தோடு கூட்டாளியாக இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் கார்டியோலிப்பினைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. எங்கோ கனடாவில் ஒரு குழந்தையின் இதயம் தளர்வதன் வேர், 20 நானோமீட்டர் வேலியின் ஓரத்தில் இருக்கிறது.

மூன்றாவதுதான் மிகப் பெரிய வேலை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

உள்சவ்வின் மடிப்புகள் தானாக நிற்பவை அல்ல. அவற்றின் வாயை இறுக்கிப் பிடிக்க ஓபிஏ-1 என்றொரு புரதம் வேண்டும். (இதன் மரபணு கெட்டால் பார்வை நரம்பு நலிந்து கண் மங்கும், பெயரே அந்த நோயிலிருந்து வந்ததுதான்.) ஓபிஏ-1இல் நீண்ட வகையும் உண்டு, வெட்டப்பட்ட குட்டை வகையும் உண்டு. இரண்டும் ஒரு கணக்கில் இருக்க வேண்டும். மடிப்பின் வாய் இறுக்கமாக இருந்தால் உள்ளே அடைபட்டிருக்கும் சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே வராது. அது வெளியே கசிந்தால் செல் தற்கொலை செய்துகொள்ளும். பழுதான செல்கள் தாமாகவே ஒழிந்துகொள்ள உடம்பில் உள்ள ஏற்பாடு அது; தேவையில்லாத நேரத்தில் நடந்தால்தான் வினை.

2008இல் ஜெர்மனியில் தாமஸ் லாங்கரின் ஆய்வுக்குழு எலியின் செல்களில் புரோஹிபிட்டின்-2ஐ நீக்கிப் பார்த்தது. வேலி போனதும் ஓபிஏ-1ஐ வெட்டும் நொதி கட்டவிழ்ந்தது. நீண்ட வகை எல்லாம் வெட்டுப்பட்டுக் காணாமல் போனது. மடிப்புகள் குலைந்தன. செல்கள் சின்ன அடிக்கும் செத்துப்போகத் தயாராக நின்றன. அதோடு இன்னொன்றும் நடந்தது: அந்தச் செல்கள் பெருகுவதையும் நிறுத்திவிட்டன.

கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். ‘செல் பெருகுவதைத் தடுப்பவன்’ என்று பெயர் வாங்கிய புரதத்தை எடுத்துவிட்டால் செல் பெருக முடியவில்லை! தடுப்பானை நீக்கினால் தடை விலக வேண்டும். இங்கே நேர் எதிர். பிறகு அதே குழு, நொதியால் வெட்ட முடியாத நீண்ட ஓபிஏ-1ஐ அந்தச் செல்களுக்குக் கொடுத்தது. மடிப்புகள் திரும்பின, செல்களும் பெருகத் தொடங்கின. ஆக, அந்தச் செல்களுக்கு வந்த கேட்டில் பெரும்பங்கு ஓபிஏ-1 வெட்டுப்பட்டதால்தான். உயிரியலில் இவ்வளவு சுத்தமாக விடை தரும் சோதனைகள் அபூர்வம்.

முழு உயிரிலும் இதே கதைதான். புரோஹிபிட்டின் இல்லாத எலிக் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது. பழ ஈயின் புழு, கூட்டுப்புழுவாக மாறும் கட்டத்தைத் தாண்டுவதில்லை. எலியின் முன்மூளை நரம்புச் செல்களில் மட்டும் புரோஹிபிட்டின்-2ஐ நீக்கினால், அந்த எலிக்கு நினைவு குன்றுகிறது, நரம்புச் செல்கள் அழிகின்றன. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காண்பதுபோல் டாவ் என்ற புரதம் பாஸ்பேட் ஏறித் திரள்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் மட்டும் நீக்கினால் எலிக்குச் சர்க்கரை நோய் வருகிறது. எந்த உறுப்பில் வேலியைப் பிரித்தாலும் அந்த உறுப்புக்கு உரிய நோய் வரும். இதனால்தான் புரோஹிபிட்டினைத் தேடினால் மூளை, இதயம், குடல், கணையம் என்று எல்லா நோய்ப் பெயரும் வந்து விழுகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு இது தலையைச் சுற்றும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா இல்லாத உறுப்பு ஏது?

ஒரே ஒரு விதிவிலக்கு என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் என்ற குட்டிப் புழு இரண்டு மூன்று வாரம் வாழும். அதில் புரோஹிபிட்டினைக் குறைத்தால் ஆயுள் குறைகிறது, எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்சுலின் போன்ற சமிக்ஞை குறைவாக உள்ள, ஏற்கெனவே இரு மடங்கு வாழும் ஒரு மாற்று வகைப் புழுவில் புரோஹிபிட்டினைக் குறைத்தால் ஆயுள் இன்னும் கூடுகிறது. 2009இல் கிரீஸ் நாட்டு ஆய்வாளர்கள் கண்டது இது. அந்தப் புழுவின் உடம்பு எரிபொருளை வேறு விதமாகச் செலவழிப்பதால் வேலி தளர்வது அதற்குப் பாதகமாக இல்லை, சாதகமாகிவிடுகிறது. ‘இந்தப் புரதம் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?’ என்று ஒற்றை வரியில் கேட்பவர்களுக்கு நான் இந்தப் புழுவைத்தான் காட்டுவேன்.

செத்த மைட்டோகாண்ட்ரியாவை யார் அடையாளம் காட்டுவது?

மைட்டோகாண்ட்ரியாவும் தேயும், கெட்டுப்போகும். கெட்டதைச் செல் ஒரு பையில் சுருட்டிக் கரைத்துவிடும். இதில் பிங்க்-1, பார்க்கின் என்ற இரண்டு புரதங்கள் பழுதானதன் மேல் ‘அப்புறப்படுத்து’ என்று முத்திரை குத்துகின்றன. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் மரபணு பழுதானவர்களுக்கு இள வயதிலேயே பார்க்கின்சன் நோய் வருவதால் இந்தத் துப்புரவுக்கு மருத்துவத்தில் பெரிய கவனிப்பு உண்டு.

முத்திரை விழுவது வெளிச்சவ்வில். புரோஹிபிட்டின் இருப்பதோ உள்சவ்வில். பிறகு இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? 2017இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பெத் லெவினின் ஆய்வுக்குழு விடை கண்டது. முத்திரை விழுந்ததும் வெளிச்சவ்வின் புரதங்கள் சிதைக்கப்பட்டு அந்தச் சவ்வு கிழிகிறது. கிழிந்த இடத்தில், அதுவரை மறைந்திருந்த புரோஹிபிட்டின்-2 வெளியே தெரிகிறது. குப்பைப் பையின் பரப்பில் இருக்கும் எல்சி-3 என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. பை சுருட்டிக்கொள்கிறது. நல்ல நிலையில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் புரோஹிபிட்டின் மூடியே கிடப்பதால் தவறுதலாக அள்ளப்படும் ஆபத்து குறைவு. சுவர் இடிந்து உள்ளே கிடக்கும் உத்தரம் தெருவுக்குத் தெரிந்தால்தானே அந்த வீட்டை இடிக்க ஆள் வருவார்கள்?

இதே ஆய்வில் இன்னொரு சுவையான செய்தி. நம்மில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அநேகமாக முழுக்க முழுக்க அம்மாவிடமிருந்து வந்தவை என்பது தெரிந்ததுதான். அப்பாவின் விந்தணுவோடு வருபவை என்ன ஆகின்றன? சி. எலிகன்ஸ் புழுவின் கருவில் அவற்றைச் செல் பிடித்து அழித்துவிடுகிறது. அந்தக் கருவில் புரோஹிபிட்டினைக் குறைத்தால் அப்பாவின் மைட்டோகாண்ட்ரியா அழியாமல் தங்கிவிடுகின்றன.

வெளியூர் வேலைகள்

புரோஹிபிட்டின் மைட்டோகாண்ட்ரியாவோடு நிற்பதில்லை என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. உட்கருவிலும் செல்லின் வெளிச்சவ்விலும் கண்டிருக்கிறார்கள். இதை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எழுதுகிறேன். செல்லை உடைத்துப் பாகம் பாகமாகப் பிரிக்கும்போது, ஏராளமாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியாப் புரதம் மற்ற பாகங்களிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்து ‘இங்கேயும் இருக்கிறது’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனாலும் சில ஆய்வுகளை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

உட்கருவில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஏற்பியைப் பிடித்து அதன் வேகத்தைக் குறைப்பது புரோஹிபிட்டின்-2 என்று 1999இல் கண்டார்கள். மார்பகப் புற்றில் பல கட்டிகள் ஈஸ்ட்ரோஜனைக் குடித்து வளர்பவை என்பதால் இது பெரிய விஷயம். புரோஹிபிட்டின்-1, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் ஆர்பி, பி53 போன்ற புரதங்களோடு சேர்வதாகவும் காட்டியிருக்கிறார்கள். ‘தடுப்பான்’ என்ற பெயருக்குக் கொஞ்சமாவது நியாயம் இருப்பது இந்த உட்கரு வேலையில்தான்.

செல்லின் வெளிச்சவ்வில் அது செய்வதோ நேர் எதிர். 2005இல் கிருஷ்ணராஜ் ராஜலிங்கம் முதல் பெயராக நின்று வெளியிட்ட ஆய்வு இது. செல்லுக்குப் ‘பெருகு, நகரு’ என்று கட்டளை கடத்தும் தொடரில் ராஸ், ராஃப் என்ற புரதங்கள் முதல் கண்ணிகள். ராஸ் சொன்னதை ராஃப் கேட்க வேண்டுமானால் நடுவில் புரோஹிபிட்டின் இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு காட்டியது. ராஸ் புரதம் கெட்டு எப்போதும் ‘பெருகு’ என்றே கத்திக்கொண்டிருப்பது புற்றுநோய்களில் சர்வசாதாரணம். அப்படிப்பட்ட செல்லில் புரோஹிபிட்டின் துணைபோகிறது, தடுக்கவில்லை.

கிருமிகளும் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்துவிட்டன. டைஃபாய்டு பாக்டீரியாவின் மேல் விஐ என்ற சர்க்கரைப் போர்வை உண்டு. டைஃபாய்டு தடுப்பூசிகளில் பயன்படுவதும் அதுவே. குடல் செல்லின் பரப்பில் அந்தப் போர்வை புரோஹிபிட்டின் குடும்பத்தைப் பற்றிக்கொண்டு, உடம்பின் முதல் அழற்சி எதிர்ப்பை மங்கச் செய்வதாக 2004இல் டெல்லியில் உள்ள தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். காய்ச்சல் உள்ளே நுழையும்போது குடல் பெரிதாகச் சத்தம் போடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 2006இல் நம் ஊர்ப்பக்கம் பலரைக் கைகால் மடக்க முடியாமல் படுக்கப்போட்ட சிக்குன்குனியா வைரசும், செல்லுக்குள் நுழையப் புரோஹிபிட்டின்-1ஐ ஒரு கைப்பிடியாகப் பயன்படுத்துவதாக 2012இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

புற்றுநோயில் அது நல்லவனா கெட்டவனா?

இப்போது புதியவர்களைக் குழப்பும் கேள்விக்கு வருவோம். எலியின் கல்லீரலில் மட்டும் புரோஹிபிட்டின்-1ஐ நீக்கினால் கல்லீரல் சேதமாகி, தழும்பேறி, கடைசியில் புற்றும் வருகிறது. இதைப் பார்த்தால் நல்லவன். மனிதனின் பல புற்றுக் கட்டிகளை எடுத்துப் பார்த்தால் சுற்றியுள்ள நல்ல திசுவைவிடப் புரோஹிபிட்டின் அதிகமாக இருக்கிறது. இதைப் பார்த்தால் கெட்டவன்.

இரண்டும் முரண்பாடே இல்லை என்பது என் கருத்து. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்லுக்கு நல்ல மைட்டோகாண்ட்ரியா வேண்டும், தற்கொலைக் கட்டளையிலிருந்து பாதுகாப்பு வேண்டும். மடிப்புகளை இறுக்கி வைக்கும் வேலி அதற்கும் உதவத்தான் செய்யும். நல்ல கல்லீரலில் வேலி பிரிந்தால் செல்கள் செத்துச் செத்துப் புதிதாக முளைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஓயாத அழிவும் வளர்ச்சியுமே புற்றுக்கு வழி விடுகிறது. கிடை யாருடைய ஆட்டைக் காக்கிறது என்பதுதான் கேள்வி. வேலிக்கு ஆடு நல்லதா கெட்டதா என்று தெரியாது.

குடலில் விஷயம் இன்னும் தெளிவாக இருக்கிறது. கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகியவற்றில் வீங்கிய குடல் பகுதியில் புரோஹிபிட்டின் குறைந்திருக்கிறது. எலிகளின் குடலில் அதைக் கூட்டினால் அழற்சி தணிகிறது.

மருந்தாக்கும் முயற்சிகளில் மிகவும் பேசப்பட்டது கொழுப்பைக் குறிவைத்தது. வெள்ளைக் கொழுப்புத் திசுவுக்குப் போகும் ரத்தக் குழாய்களின் உள்பரப்பில் புரோஹிபிட்டின் தெரிவதாக 2004இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். அதைத் தேடிப் போய் ஒட்டும் ஒரு குட்டிப் புரதத்துண்டின் வாலில், செல்லைக் கொல்லும் இன்னொரு துண்டைக் கட்டி அனுப்பினார்கள். குழாய் செத்தால் கொழுப்புக்குச் சாப்பாடு இல்லை, கொழுப்பு கரைகிறது. பருத்த எலிகள் நன்றாக இளைத்தன. 2011இல் பருத்த ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தபோது நான்கு வாரத்தில் சராசரியாக 11 சதவீத எடை குறைந்தது. செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. கூடவே குரங்குகளின் சிறுநீரகத்தில் மாற்றங்கள் தெரிந்தன. மருந்தை நிறுத்தியதும் சரியாகின என்றாலும், எடை குறைக்கும் ஊசிக்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க யார் சம்மதிப்பார்கள்?

இன்னொரு பாதை, வேலியைக் கொல்லாமல் ஒரு பூட்டை மட்டும் போடுவது. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அக்லேயா மரங்களில் கிடைக்கும் ரோக்லமைடு என்ற பொருள் புரோஹிபிட்டினோடு ஒட்டிக்கொண்டு, ராஃப் புரதத்தோடு அது கைகோர்ப்பதைத் தடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியா வேலையைக் கெடுக்காமல் செல்லின் வெளிச்சவ்வில் நடக்கும் வேலையை மட்டும் நிறுத்த முடிந்தால் அது பெரிய வெற்றி. ஆனால் ரோக்லமைடு செல்லில் புரதம் தயாரிக்கும் இயந்திரத்தையும் பிடித்து நிறுத்துகிறது. எந்தப் பிடியால் புற்றுச் செல் சாகிறது என்று பிரித்துப் பார்ப்பதே தனி வேலையாகிவிட்டது.

குறிபார்த்து மருந்து செய்யப் புரதத்தின் உருவம் தெரிய வேண்டும். பல ஆண்டுகளாக எல்லோரும் தட்டையான வளையம் என்றே படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நானும் மேலே வளையம் என்றே சொல்லிவந்தேன். செல்லை அப்படியே உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல கோணங்களில் பார்க்கும் முறை வந்த பிறகு, உருவம் இன்னும் துல்லியமாகியிருக்கிறது. புரோஹிபிட்டின்-1உம் 2உம் பதினொரு ஜோடி சேர்ந்து, சவ்வின் மேல் கவிழ்த்துவைத்த கோயில் மணிபோல் நிற்கின்றன. அடிவிளிம்பு சவ்வில் ஊன்றியிருக்கிறது, மேலே கூரை மூடியிருக்கிறது. கிடைக்குப் படல் மட்டும் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தோம், கூடாரமே போட்டிருக்கிறார்கள்.